மதுரையில் இருந்துகொண்டே எம்.எம்.ஏ. ஃபைட்டர் ஆவது எப்படி

குத்து, உதை, மல்யுத்தம், தரைப்பிடி எல்லாம் கலந்த எம்.எம்.ஏ.வில் ஃபைட்டர் ஆகணும் என்று வருகிற பையன்களில் முக்கால்வாசிப் பேர் முதலில் கேட்பது, "அண்ணே, மதுரையில் நல்ல எம்.எம்.ஏ. ஜிம் எது?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் அதற்கு முன்னால் இரண்டு கேள்வி இருக்கிறது. உங்களுக்கு என்ன வயது? இதில் காசு வரும்வரை வீட்டில் எத்தனை வருஷம் தாங்குவார்கள்? இதற்குப் பதில் தெரியாமலே கிளவுஸ் வாங்கி, இன்ஸ்டாகிராமில் பெயருக்குப் பக்கத்தில் ஃபைட்டர் என்று போட்டுக்கொண்டு, ஆறாவது மாதம் பைக் டியூ கட்ட டெலிவரி வேலைக்குப் போனவர்கள் எங்கள் பக்கம் நிறைய.

நான் சொல்லப்போகும் வழி கொஞ்சம் சுற்று வழி மாதிரி தெரியும். முதலில் அரசாங்கக் கணக்கில் வருகிற ஒரு சண்டை விளையாட்டில் இறங்குங்கள்: மல்யுத்தம், ஜூடோ, குத்துச்சண்டை, வூஷு என்கிற சீனச் சண்டைக் கலை, இதில் ஏதாவது ஒன்று. இரண்டு மூன்று வருஷம் அதில் மாவட்டம், மாநிலம் என்று ஆடுங்கள். எம்.எம்.ஏ. அதற்கு மேல் கட்டுகிற மாடி.

காரணம் ரெண்டு. ஒன்று சோறு. தமிழ்நாட்டில் அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வே, ராணுவம், காவல்துறை எல்லாம் தனித்தனியாகவும் ஆள் எடுக்கிறார்கள். இந்த விளையாட்டுகளில் மாநில, தேசிய அளவில் வாங்கிய சான்றிதழை அங்கே நீட்டலாம். எம்.எம்.ஏ.வில் எட்டுப் பேரை அடித்துச் சாய்த்த வீடியோவை நீட்டினால், நல்லா இருக்கு தம்பி என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். 2026 ஆசிய விளையாட்டுப் போட்டியில் எம்.எம்.ஏ.வைச் சேர்த்திருக்கிறார்கள், அதனால் இந்த நிலைமை மெல்ல மாறலாம், ஆனால் அது மாறும்வரை உங்கள் வயது நிற்காது.

இன்னொன்று, நம் நாட்டிலிருந்து மேலே போனவர்களைப் பார்த்தாலே தெரியும். ரித்து போகத் மல்யுத்தத்திலிருந்து வந்தார். வந்து இரண்டே வருஷத்தில், 2021 டிசம்பரில், ஆசியாவின் பெரிய எம்.எம்.ஏ. நிறுவனமான ஒன் சாம்பியன்ஷிப்பின் ஆட்டம்வெயிட் எடைப் பிரிவு கிராண்ட் பிரீ இறுதிச் சுற்றில் நின்றார். பூஜா தோமர் வூஷுக்காரர்; 2024 ஜூனில் அமெரிக்காவின் லூயிவில்லில் ஜெயித்து, உலகின் பெரிய எம்.எம்.ஏ. மேடையான யு.எஃப்.சி.யில் வென்ற முதல் இந்தியப் பெண் ஆனார். ஒரு விளையாட்டை ஆழமாகக் கற்றவருக்கு மற்றதெல்லாம் வேகமாக ஒட்டும். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தவன் உள்ளூர் நிகழ்ச்சியோடு சரி.

ரேஸ்கோர்ஸில் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கத்துக்கு ஒரு நாள் நேரில் போங்கள். மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில், எந்தெந்தச் சண்டை விளையாட்டுக்கு இப்போது பயிற்சியாளர் இருக்கிறார், எத்தனை மணிக்குப் பயிற்சி, அடுத்த மாவட்டப் போட்டி எப்போது என்று கேளுங்கள். போனில் கேட்டால் பாதி விஷயம்தான் வரும். பள்ளியில் படிக்கிற தம்பி தங்கை இருந்தால் விளையாட்டு விடுதிக்கான தேர்வைப் பற்றியும் அங்கேயே விசாரியுங்கள். தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி மூன்றும் ஒரே இடத்தில் கிடைப்பது சின்ன விஷயம் இல்லை. வயது இருபத்தேழு தாண்டி இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால் தாராளமாகப் பயிற்சி செய்யுங்கள், ஒன்றிரண்டு அமெச்சூர் சண்டை போடுங்கள், ஆனால் வேலையை மட்டும் விடாதீர்கள்.

சிலம்பம் தெரிந்தவர்கள் வந்து, இது உதவுமா என்று கேட்பதுண்டு. கால்வரிசை உதவும், தூரம் கணிப்பது உதவும், கம்பு இல்லாமல் கையால் அடிக்கிறபோது மற்றதைப் புதிதாகத்தான் கற்க வேண்டும். ஆச்சரியமாக, மாடு பிடிக்கிற பையன்கள்தான் டேக்டவுனை, அதாவது எதிராளியைத் தரையில் வீழ்த்துவதை, சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். அலங்காநல்லூரில் திமிலைக் கட்டிக்கொண்டு, நெஞ்சை மாட்டோடு ஒட்டவைத்து, அது துள்ளுகிற பக்கமெல்லாம் கூடவே போகிறான் பாருங்கள், பாடி லாக் பிடித்து, அதாவது இடுப்பைச் சுற்றிக் கையைப் பூட்டி, எதிராளியை இழுத்துப் போடுவதும் கிட்டத்தட்ட அதே உடம்பு வேலைதான். கையில் இருக்கிற பலத்தை விட, நெஞ்சுக்கும் அவன் இடுப்புக்கும் நடுவில் இடைவெளி விடாமல் இருப்பதுதான் பிடி.

தரையில்தான் நாம் தோற்கிறோம்

இதை நன்றாகக் கவனியுங்கள். ரித்து போகத் அந்த இறுதிச் சுற்றில் ஸ்டாம்ப் ஃபேர்டெக்ஸிடம் தோற்றது ஆர்ம்பாரில், அதாவது கையை நீட்டிப் பூட்டி முழங்கையை எதிர்ப்பக்கம் வளைக்கிற பிடியில். பூஜா தோமர் 2025 மார்ச்சில் லண்டனில் ஷானா பேனனிடம் தோற்றதும் ஆர்ம்பாரில். ஒருவர் மல்யுத்தம், ஒருவர் வூஷு. மல்யுத்தத்தில் முதுகு தரையில் பட்டு மல்லாந்து கிடக்கிறவன் தோற்றவன்; வூஷுவில் விழுந்தால் எதிராளிக்குப் பாயின்ட், எழுப்பி மறுபடி நிறுத்திவிடுவார்கள். தரைச் சண்டைக் கலையான ஜுஜிட்சுவில் அவன் இன்னும் சண்டையில் இருக்கிறான், அவன் இரண்டு காலும் உங்களுக்கு வலைதான்.

நடப்பது இப்படித்தான். நீங்கள் மேலே இருக்கிறீர்கள், கீழே இருப்பவன் இரண்டு காலையும் உங்கள் இடுப்பைச் சுற்றிப் போட்டிருக்கிறான். ஜெயிக்கிற உற்சாகத்தில் அவன் நெஞ்சில் ஒரு கையை ஊன்றி, இன்னொரு கையால் குத்துகிறீர்கள். ஊன்றிய கை நீண்டு, முழங்கை விலாவை விட்டு விலகிவிட்டது. அவன் அந்த மணிக்கட்டைப் பிடித்து, இடுப்பைப் பக்கவாட்டில் திருப்பி, ஒரு காலை உங்கள் முகத்துக்குக் குறுக்கே போடுகிறான், அப்புறம் இடுப்பைத் தூக்கினால் போதும். இதற்கெல்லாம் இரண்டு நொடி ஆகாது. தப்பிக்க ஒரே நல்ல நேரம் கால் முகத்துக்கு வருவதற்கு முன்னால்: முழங்கையை இழுத்து விலாவோடு சேர்த்து, உடம்பு எடையை முன்னால் தள்ளி அவன் முழங்காலை அவன் முகத்தை நோக்கியே மடக்கி நெருக்க வேண்டும். இதை மட்டும் தினமும் பயிற்சி முடிகிறபோது பத்து நிமிஷம் ஒரு கூட்டாளியோடு செய்யுங்கள். யூடியூபில் பறந்து முழங்காலால் அடிக்கிற வீடியோ பார்ப்பதை விட இது சோறு போடும்.

கை மாட்டிக்கொண்டால் டேப் அடியுங்கள், அதாவது கையால் தட்டி விட்டுவிடச் சொல்லுங்கள். பயிற்சியில் டேப் அடிக்க வெட்கப்படுகிறவன் மூன்று மாதம் கட்டு போட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பான். கழுத்துப் பிடியும் அப்படித்தான். பின்னாலிருந்து போடுகிற சோக் சரியாக விழுந்தால் மூச்சு அடைவதற்கு முன்பே, கழுத்தின் இரு பக்கமும் மூளைக்குப் போகிற ரத்தக் குழாய் அழுந்தி, பத்து நொடிக்குள் நினைவு போய்விடும். "இன்னும் கொஞ்சம் தாங்கலாம்ணே" என்பதற்கு அங்கே இடமே இல்லை.

ஜுஜிட்சுவுக்கு நல்ல ஆள் பக்கத்தில் இல்லையென்றால், மாதம் ஒரு முறை வெளியூர் போவதைச் செலவுக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். வெள்ளி ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறினால் சனிக்கிழமை காலை சென்னை. மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினால் விடிகிறபோது பெங்களூரு. இரண்டு நாள் ஜுஜிட்சுவில் நல்ல பெல்ட் வாங்கினவர்களோடு உருண்டு, எங்கே மாட்டுகிறீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்து, மிச்ச நாளெல்லாம் இங்கே அதற்கு மருந்து தேடுங்கள்.

இன்னொன்று, கேஜ், சண்டை நடக்கிற கம்பிவலைக் கூண்டு. நம் ஊர் ஜிம்களில் பெரும்பாலும் மேட் மட்டும்தான், கேஜ் கிடையாது. முதல் சண்டைக்குப் போகிற பையன் கம்பிவலையில் முதுகு சாய்ந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் முழிப்பது இதனால்தான். சுவர் இருக்கிறதல்லவா, அதற்குப் பக்கத்தில் மேட்டை நெருக்கிப் போட்டு, ஒருவன் சுவரோடு சாய்ந்து நிற்க, மற்றவன் அவன் காலை எடுக்க முயல, இரண்டு இரண்டு நிமிஷமாக மாறி மாறிச் செய்யுங்கள். கேஜுக்குள்ளே வலையை விரலால் பிடிப்பது தவறு, ரெஃப்ரி பாயின்ட் கழிக்கலாம். சுவரில் பிடிக்க எதுவும் இல்லாததால் அந்தப் பழக்கமும் வராது.

உடம்பு

மதுரை வெயிலில் பகல் பதினொரு மணிக்கு ஓடுவது வீரம் இல்லை. காலை ஐந்தரைக்குத் தெப்பக்குளத்தைச் சுற்றியோ திருப்பரங்குன்றம் கிரிவலப் பாதையிலோ ஓடி முடித்துவிடுங்கள், மாலையில் மேட். ஸ்பாரிங்கில், அதாவது கூட்டாளியோடு போடுகிற பயிற்சிச் சண்டையில், முழு பலத்தோடு அடிப்பது வாரத்துக்கு ஒரு நாள் இருந்தாலே அதிகம். மிச்ச நாள் மெதுவாக, தொடுகிற மாதிரி. தினமும் தலையில் குத்து வாங்கினால் தாடை இறுகாது, மூளைதான் தளரும், ஒரு முறை மயங்கியவன் அடுத்த முறை இன்னும் லேசான அடிக்கே விழுவதை ஜிம்மில் இருக்கிற எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

யாரும் சொல்லாத விஷயம் படர்தாமரை. நம் ஊர்ப் புழுக்கமும், பத்துப் பேர் வேர்வையோடு உருள்கிற மேட்டும் சேர்ந்தால் அது வராமல் இருந்தால்தான் அதிசயம். மருந்துக்கடையில் போய்க் கேட்டால் ஸ்டீராய்டு கலந்த ஒரு க்ரீமைத் தருவார்கள், இரண்டு நாளில் அரிப்பு நின்று போய்விட்ட மாதிரி இருக்கும், அப்புறம் முன்னை விடப் பெரிதாகப் பரவும். தோல் டாக்டரிடம் போய், அவர் சொல்கிற நாள்வரை மருந்து போடுங்கள். அதுவரை மேட்டுக்கு வராதீர்கள், இல்லாவிட்டால் ஜிம் முழுக்க வந்துவிடும். சண்டைக்கு முன்னால் டாக்டர் தோலைப் பார்ப்பார். தொற்று இருந்தால் சண்டையே ரத்து.

காது மடித்து வீங்கினால் ஊசி வைத்து நீங்களே ரத்தத்தை எடுக்கப் பார்க்காதீர்கள். ஓரிரு நாளுக்குள் காது டாக்டரிடம் போனால் எடுத்துவிட்டுக் கட்டுப் போட்டு அனுப்புவார். விட்டால் கல் மாதிரி ஆகிவிடும். அம்மா பார்த்துவிட்டு, "என்னடா இது, காது பணியாரம் மாதிரி இருக்கு, பொண்ணு எவன்டா குடுப்பான்" என்று ஆரம்பிப்பார்கள், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

எடை

தொழில்முறைப் பிரிவுகளில் நம் பையன்கள் அதிகம் வருவது ஃப்ளைவெயிட் 56.7 கிலோ, பேன்டம்வெயிட் 61.2, ஃபெதர்வெயிட் 65.8, லைட்வெயிட் 70.3. சும்மா இருக்கும்போது 68 கிலோ இருக்கிற ஒருவனை முதல் சண்டையிலேயே 56.7க்கு இறக்குகிறேன் என்று கோச் சொன்னால், அந்தக் கோச்சை மாற்றுங்கள். முதல் மூன்று நான்கு சண்டை இயல்பான எடைக்குப் பக்கத்திலேயே ஆடுங்கள்.

சண்டைக்கு முந்தின நாள் எடை பார்ப்பதால், தண்ணீரை வற்றவைத்துக் குறைப்பது இந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற வேலை. 2015 டிசம்பரில் யாங் ஜியான் பிங் என்ற சீன ஃபைட்டர் மணிலாவில் எடை குறைக்கிறபோது உடம்பு கெட்டு இறந்துபோனார், அதன் பிறகுதான் ஒன் சாம்பியன்ஷிப் தண்ணீரை வற்றவைத்து எடை குறைப்பதைத் தடை செய்து, சிறுநீர்ப் பரிசோதனை வைத்தது. ஆக இது விளையாட்டு இல்லை. கொழுப்பை எட்டு பத்து வாரத்தில் சாப்பாட்டால் குறையுங்கள். கடைசி வாரத்தில் சோறு, இட்லி, பரோட்டாவைக் குறைத்தாலே உடம்பு சேர்த்துவைத்த மாவுச்சத்தோடு ஒட்டியிருக்கிற தண்ணீரும் இறங்கும், உப்பையும் குறைத்தால் இன்னும் கொஞ்சம். இதற்கு மேல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு சித்திரை வெயிலில் ஓடுவது, தனியாக அறையைப் பூட்டிக்கொண்டு வியர்ப்பது எல்லாம் வேண்டாம். கோச் பக்கத்தில் இல்லாமல் கடைசி நாள் வியர்வையே எடுக்கக் கூடாது.

எடை பார்த்து இறங்கியதும் ஓ.ஆர்.எஸ். கரைத்து மெதுவாகக் குடியுங்கள். ஒரு மணி நேரம் கழித்து இட்லி, வாழைப்பழம், தயிர்சாதம். ஜெயித்த மாதிரி நினைத்துக்கொண்டு கறி தோசையும் சுக்காவும் உள்ளே தள்ளினால் மறுநாள் இரண்டாவது ரவுண்டில் அது உங்களோடு பேசும். நம் ஊரில் ஒரு பழக்கம் இருக்கிறது, சோர்வாக இருந்தால் கிளினிக்கில் போய் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்வது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவின் விதிப்படி, ஆஸ்பத்திரிச் சிகிச்சை போன்ற காரணம் இல்லாமல் 12 மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் நரம்பில் ஏற்றுவது ஊக்கமருந்துக் குற்றம். தெரியாமல் செய்தேன் என்பது எடுபடாது. ஜிம் வாசலில் டப்பாவில் விற்கிற பவுடரும் அப்படித்தான், உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று விற்கிறவனுக்கே தெரியாது. முட்டை, கோழி, கடலை, சுண்டல் போதும்.

எப்போது புரோ ஆவது

அவசரப்படாதீர்கள். அமெச்சூரில் உலகச் சம்மேளனமான இம்மாஃப் விதிப்படி மூன்று மூன்று நிமிஷமாக மூன்று ரவுண்டு, காலுக்கு ஷின் கார்டு, முழங்கை அடி கிடையாது. புரோவில் ஐந்து நிமிஷ ரவுண்டு, பட்டச் சண்டை என்றால் ஐந்து ரவுண்டு, நாலு அவுன்ஸ் கிளவுஸ், முழங்கை உண்டு. 2024 நவம்பருக்குப் பிறகு திருத்திய விதியை ஏற்ற இடங்களில் மேலிருந்து நேராகக் கீழே இறக்குகிற முழங்கைக்கும் தடை இல்லை. அமெச்சூரில் தோற்றால் பாடம். புரோவில் தோற்றால் அது சண்டைக் கணக்கைப் பதிகிற டேபாலஜி மாதிரி தளங்களில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடும், யாரோடு யார் மோதுவது என்று ஜோடி போடுகிற வெளிநாட்டு மேட்ச்மேக்கர் உங்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அந்த எண்ணைத்தான் பார்ப்பான். என் கணக்கில் ஆறேழு அமெச்சூர் சண்டையாவது, அதிலும் மல்யுத்தக்காரன் ஒருவன், குத்துகிறவன் ஒருவன், ஜுஜிட்சுக்காரன் ஒருவன் என்று மூன்று வகையையும் பார்த்த பிறகு புரோ ஆகலாம்.

அதற்குள் காகிதத்தைத் தயார் செய்யுங்கள். பாஸ்போர்ட் அலுவலகம் மதுரையிலேயே இருக்கிறது, இன்றைக்கே போடுங்கள். இந்தத் தொழிலில் நல்ல வாய்ப்பு பாதி, வேறொருவன் காயம்பட்டு விலகுகிறபோது பத்து நாள் முன்னறிவிப்பில் வருகிறது, பாஸ்போர்ட் இல்லாதவனுக்கு அந்த போன் வராது. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி ரத்தப் பரிசோதனை, கண் பரிசோதனை, பெரிய நிகழ்ச்சி என்றால் தலை ஸ்கேனும் கேட்பார்கள். இந்தச் செலவு யாருடையது என்று ஒப்பந்தம் போடும்போதே கேளுங்கள்.

ஒப்பந்தத்தில் நான்கு இடத்தைப் பாருங்கள்: எத்தனை சண்டை, எத்தனை மாதம் வேறு எங்கும் ஆட முடியாது, சண்டைக்கு வந்ததற்கு எவ்வளவு, ஜெயித்தால் கூடுதலாக எவ்வளவு. எதிராளி எடைக்குள் வராவிட்டாலோ நிகழ்ச்சியே நின்றுபோனாலோ பணம் உண்டா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். டிக்கெட் விற்றுக் கொடுத்தால்தான் சண்டை என்று சொல்கிறவனிடம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். மேனேஜர் சதவீதம் கேட்பதில் தப்பில்லை, ஆனால் சண்டை பிடித்துத் தருவதற்கு முன்னாலேயே பதிவுக் கட்டணம் கேட்டால் அவன் மேனேஜர் இல்லை. வக்கீலிடம் ஒரு தடவை காட்டுங்கள், ஹைகோர்ட் கிளை இருக்கிற ஊரில் தெரிந்த வக்கீல் ஒருவர்கூட இல்லாமலா போய்விடுவார்.

மெடிக்கல் இன்ஷூரன்ஸை நம்பி கேஜுக்குள் போகாதீர்கள். வழக்கமான பாலிசிகளில், ஆபத்தான விளையாட்டில் தொழில்முறையாகப் பங்கெடுத்து வருகிற காயத்துக்கு விலக்கு எழுதியிருப்பார்கள். நிகழ்ச்சி நடத்துகிறவர் காயத்துக்குக் காப்பீடு எடுத்திருக்கிறாரா என்று கேளுங்கள், பாலிசியின் நகலையும் கேளுங்கள்.

பாதை என்று பார்த்தால், நம் நாட்டில் மேட்ரிக்ஸ் ஃபைட் நைட் மாதிரி நிகழ்ச்சிகள், அதற்கு மேல் பிரேவ், ஒன், ஆசியக்காரர்களுக்காக 2022இல் தொடங்கிய ரோடு டு யு.எஃப்.சி. போட்டி. நம் நாட்டு அன்ஷுல் ஜுப்லி அதில் லைட்வெயிட் பிரிவை ஜெயித்துத்தான் 2023 பிப்ரவரியில் யு.எஃப்.சி. ஒப்பந்தம் வாங்கினார். இரண்டு வருஷம் கழித்து, 2025 பிப்ரவரியில் சிட்னியில் அவருடைய சண்டை 19 நொடியில் முடிந்துபோனது. பல மாதப் பயிற்சி, 19 நொடி. வந்ததற்கான பணம் மட்டும்தான் கைக்கு, ஜெயித்தால் வருகிற பாதி போச்சு. பெரிய மேடையிலேயே கணக்கு இப்படி என்றால், தொடக்கத்தில் வருகிற காசு வண்டிச் செலவுக்கும் ஸ்கேனுக்குமே சரியாகப் போகும். அதனால்தான் வேலை, வேலை என்று நச்சரிக்கிறேன். ஷிப்ட் வேலை, ஜிம்மில் சின்னப் பிள்ளைகளுக்குக் காலை வகுப்பு, எதுவாக இருந்தாலும் சரி, சாயங்காலம் இரண்டு மணி நேரம் மேட்டுக்கு மிஞ்ச வேண்டும்.

பெண்பிள்ளைகள் இதைப் படித்தால் ஒரு வார்த்தை. உங்கள் எடையில் பயிற்சிக் கூட்டாளி கிடைப்பதுதான் இங்கே பெரிய கஷ்டம். ஆனால் இந்தியாவில் உங்கள் பிரிவில் ஆட்களும் குறைவு, அதனால் ஆண்களுக்குப் பத்துச் சண்டையில் திறக்கிற கதவு உங்களுக்கு ஐந்திலேயே திறக்கலாம். ஜூடோவும் மல்யுத்தமும் ஆடுகிற கல்லூரிப் பிள்ளைகளைத் தேடிப்போய்ச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சண்டை ராத்திரி

மூன்று நடுவர்கள், ஒவ்வொரு ரவுண்டுக்கும் ஜெயித்தவனுக்கு 10, தோற்றவனுக்குப் பெரும்பாலும் 9. அவர்கள் முதலில் பார்ப்பது யார் அடி, யார் பிடி அதிகப் பாதிப்பை உண்டாக்கியது என்பதைத்தான். முன்னால் முன்னால் போய்க்கொண்டே இருந்தேனே என்பது அதற்கு அப்புறம்தான் கணக்கில் வரும். மேலே படுத்துக்கொண்டு சும்மா அழுத்திக்கொண்டிருந்தால் ஜெயிக்க முடியாது. கார்னரில், ரவுண்டுக்கு நடுவே நீங்கள் உட்காருகிற மூலையில், உங்கள் ஆட்களில் ஒரே ஒருவர் பேசட்டும். அந்த ஒரு நிமிஷ இடைவெளியில் மூன்று பேர் மூன்று விதமாகக் கத்தினால் ஒன்றும் உள்ளே போகாது. "தம்பி, மூச்சு விடு. இடது கையை இறக்காதே. சுவருக்குப் போகாதே." இவ்வளவுதான் ஒரு மனுஷன் அப்போது கேட்க முடியும்.

முடிந்த ராத்திரி யாராவது ஒருவர் கூடவே படுக்கட்டும். தலைவலி ஏறிக்கொண்டே போனால், வாந்தி வந்தால், எழுப்பினால் சரியாக முழிக்காவிட்டால், ஒரு கண்மணி மட்டும் பெரிதாகத் தெரிந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் பக்கத்தில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஊரில் இருந்தால் ராஜாஜி ஆஸ்பத்திரியில் எந்நேரமும் ஆள் உண்டு. நாக் அவுட் ஆகியிருந்தால் நிகழ்ச்சி டாக்டர் இத்தனை நாள் ஆடக்கூடாது என்று எழுதிக் கொடுப்பார். அந்த நாள் முடிந்து, வேறொரு டாக்டரும் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை ஸ்பாரிங் கிடையாது. ஜிம்முக்கு வரலாம், பையன்களுக்கு மிட்ஸ் பிடிக்கலாம், நோட்டில் எழுதலாம், தலையில் மட்டும் யார் கையும் படக்கூடாது.